அன்னையர் தினத்துக்கு கிரைண்டர் வாங்கும் முன்

மே மாதம் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம், ஜூன் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம். இந்த இரண்டுக்கும் நடுவில், "வீட்டுக்கு ஒரு கிரைண்டர் எடுத்திடலாமா?" என்ற பேச்சு சிங்கப்பூரில் பல தமிழ் வீடுகளில் எழும். தாராளமாக எடுக்கலாம். நான்கு பேர் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் அளவான சாமான், உழைக்கிற சாமான். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். அதையே ரிப்பன் கட்டி "அம்மாவுக்குப் பரிசு" என்று கொடுத்தால் மதிப்பெண் இரண்டாக இறங்கிவிடும். அப்பாவுக்குத் தரை துடைக்கும் மாப் வாங்கிக் கொடுப்பது மாதிரிதான் அது. சாமானோடு சேர்ந்து வேலையும் வந்து இறங்குகிறது.

இங்கே எடைபோடுவது ஏதோ ஒரு பிராண்டை அல்ல. அல்ட்ரா, பிரீத்தி, பட்டர்ஃபிளை என்று எதை எடுத்தாலும் 2 லிட்டர் வகையில் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கீழே 150 வாட் மோட்டார், அதிலிருந்து ஒரு பெல்ட். மேலே, அடியில் கருங்கல் பதித்த எவர்சில்வர் தொட்டி. தொட்டிக்குள் நிற்கும் இரண்டு மூன்று உருளைக் கற்கள், ஓரத்து மாவை வழித்து உள்ளே தள்ளும் ஒரு பிளாஸ்டிக் தகடு. சுற்றுவது தொட்டி. கற்கள் இடத்திலேயே நின்று தன் அச்சில் உருளும். இதைத் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி தானே விளங்கும்.

மாவரைக்கும் இயந்திரத்தை 1955-ல் கோயம்புத்தூரில் உருவாக்கியவர் பி.சபாபதி. 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதற்கு முன் ஆட்டுக்கல். ஆட்டுக்கல்லில் இரண்டு வேலை உண்டு என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். குழவியைச் சுற்றுவது 'ஆட்டுவது'. ஓரத்தில் ஒதுங்கும் மாவைக் கையால் குழிக்குள் ஒதுக்கிவிடுவது 'தள்ளிவிடுவது'. கை பழகியவர்கள் ஒருவராகவே இரண்டையும் செய்துவிடுவார்கள். நிறைய மாவென்றால் எதிரே இன்னொருவர் உட்கார வேண்டும். இயந்திரம் முழுதாக வாங்கிக்கொண்டது ஆட்டுகிற வேலையை மட்டும்தான். தகடு தவறவிட்டதைத் தள்ளிவிடுவது, ஊறப்போடுவது, தண்ணீர் பார்த்து விடுவது, வழிப்பது, கழுவுவது, காயவைப்பது, பொங்கியதும் எடுத்து வைப்பது எல்லாம் மனிதர் கையில்தான் இன்னும் இருக்கின்றன. விளம்பரத்தில் இவை வருவதில்லை. பெரும்பாலான வீடுகளில் இவை ஒரே ஆளின் தலையில் இருக்கின்றன என்பதும் விளம்பரத்தில் வராது.

ஆகவே இந்தக் கிரைண்டரை எடைபோட நல்ல வழி, ஒரு முறை மாவரைப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை கணக்குப் பார்ப்பது.

அளவு: இட்லி அரிசி 4 கப், தோல் நீக்கிய முழு உளுந்து 1 கப், வெந்தயம் 1 தேக்கரண்டி. 200 கிராம் கப் என்றால் மொத்தம் 1 கிலோ. 2 லிட்டர் தொட்டிக்கு இதுதான் வசதியான உச்சம். இதில் 50 இட்லி வரை வரும். ஐந்தாவது கப் அரிசியைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். மாவு, தொட்டியின் நடுவில் நிற்கும் தண்டின் உச்சியைத் தாண்டி, மோட்டார் பக்கம் இறங்கிவிடும்.

அரிசி 4 மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. சிங்கப்பூர் வெக்கையில் உளுந்தை மேடையில் வைத்து நான்கு மணி நேரம் ஊறவிட்டால் அரைக்கும்போதே பிசுபிசுத்துவிடும், மாவு உப்பி எழும்பாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஊறிய குளிர்ந்த தண்ணீரையே அரைக்கவும் பயன்படுத்தலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊறப்போட இரண்டு நிமிடம் ஆகும். நினைவில் வைத்திருப்பதற்குத்தான் நாள் முழுக்க ஆகும். 'இன்னைக்கு மாவு தீருது, நாளைக்கு அரைக்கணும், அரிசி இருக்கா, உளுந்து பழசா' என்ற கணக்கு ஒருவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. "நீ ஊறவை, நான் அரைச்சுத் தர்றேன்" என்று அப்பா சொன்னால் அது பாதி உதவி. "சனிக்கிழமை மாவு என் பொறுப்பு" என்று சொல்லி, உளுந்து வாங்குவதில் தொடங்கி அவரே பார்த்துக்கொண்டால்தான் முழு உதவி. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர்கள் முறையாக விண்ணப்பிக்கும் வழிகாட்டி இங்கே நடப்பில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள் யாருக்கு வாய்க்கிறதோ, மதியம் அரிசி களையும் வேலையும் அவருக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அரைப்பது. உளுந்துதான் முதலில். பிறகு அதே தொட்டியில், கழுவாமல், அரிசி. மாற்றிச் செய்தால் அரிசியின் ரவை உளுந்தில் கலந்து உளுந்து மையாக வராது.

தொட்டியில் அரை கப் ஜில்லென்ற தண்ணீரை ஊற்றி ஓடவிட்டு, உளுந்தைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு சுவிட்சைப் போடுவதுதான் பெல்ட்டுக்கு எமன். முதல் ஐந்து நிமிடம் 'கரகர' என்று கல் பேசும். பிறகு சத்தம் அடங்கி மாவு கெட்டியாகி, உருளைகள் மாவைக் கடிக்காமல் மேலே வழுக்க ஆரம்பிக்கும். அப்போது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்க வேண்டும். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இதேபோல். 1 கப் உளுந்து 25 முதல் 30 நிமிடத்தில் ஒன்றே முக்கால் கப்பிலிருந்து இரண்டு கப் வரை தண்ணீர் குடிக்கும். வழிப்புத் தகட்டின் பின்புறமும் உருளைகளின் தோளிலும் அரைபடாத உளுந்து ஒட்டி நிற்கும். அதைச் சிலிக்கான் கரண்டியால் தள்ளிவிட வேண்டும். விரலால் கூடவே கூடாது. மெதுவாகத்தானே சுற்றுகிறது என்று தோன்றும், ஆனால் தொட்டிக்கும் உருளைக்கும் நடுவில் சிக்கிய விரலுக்கு வேகம் முக்கியமில்லை. குழந்தைகள் உளுந்து போட ஆசைப்பட்டால் சின்னக் கரண்டியால் போடச் சொல்லுங்கள்.

பதம் வந்ததா என்று பார்க்க, ஒரு கிண்ணத் தண்ணீரில் மாவைச் சொட்டாக விட வேண்டும். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது, எடுத்துவிடலாம். மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். 40 நிமிடம் தாண்டியும் மூழ்கிக்கொண்டே இருந்தால் குற்றம் இயந்திரத்தில் இல்லை, உளுந்து பழசு. அதற்கு மேல் ஓட்டினால் மாவு சூடாகும், அவ்வளவுதான்.

மிக்சியோடு ஒப்பிட்டால் கிரைண்டரின் சிறப்பு இந்தக் காற்றிலும் குளிர்ச்சியிலும்தான் இருக்கிறது. மிக்சியின் கத்தி நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றி வெட்டுகிறது, சூடாக்குகிறது. கல் நசுக்கிப் பிசைகிறது. ஒரே உளுந்து, ஒரே அளவு, கிரைண்டரில் தொட்டி நிறைய வரும். மிக்சியில் முக்கால்தான் வரும். வாரத்துக்கு ஒருமுறைகூட இட்லி தோசை செய்யாத வீடு மட்டும் மிக்சியோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது பாக்கெட் மாவு வாங்கிக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அரிசிக்கு இவ்வளவு பார்க்க வேண்டியதில்லை. இரண்டு இரண்டரை கப் தண்ணீர், 20 முதல் 25 நிமிடம், விரலில் தேய்த்தால் சன்ன ரவையாக நெருட வேண்டும். எடுத்து, கல்லுப்பு 1 மேசைக்கரண்டி சேர்த்து, உளுந்து மாவோடு கையால் நன்றாகக் கலக்க வேண்டும்.

கையால் கலப்பதைச் சுற்றி ஒரு நம்பிக்கை உண்டு: அம்மாவின் கைராசியில்தான் மாவு பொங்குகிறது என்பார்கள். மாவைப் பொங்கவைக்கும் லூகோநாஸ்டாக் வகை பாக்டீரியா உளுந்திலும் அரிசியிலும்தான் முக்கியமாக இருந்து வருகிறது. கை செய்வது இரண்டு மாவையும் காற்று கெடாமல் சீராகக் கலப்பது. அதை எந்தக் கையும் செய்யும். அப்பா கலந்தாலும் பொங்கும். 'எனக்குக் கைராசி இல்லை' என்ற சாக்கு, அறிவியல்படி செல்லாது.

கழுவுவதற்கு வருவோம். இந்தச் சாமானின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. ஒழுங்காகக் கழுவ 12 முதல் 15 நிமிடம் ஆகும். அரை மணி நேரம் தள்ளிப்போட்டால் உளுந்து காய்ந்து பசையாகி, நேரம் இரட்டிக்கும். முதலில் கால் கப் தண்ணீர் விட்டு அரை நிமிடம் ஓட்டி, அந்தத் தண்ணீரை மாவிலேயே சேர்த்துவிடலாம். அடுத்து இரண்டு கப் விட்டு ஒரு நிமிடம். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உருளைகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு உருளையின் நடுவிலும் தண்டு போகும் துளை இருக்கிறது. நைலான் புஷ் என்ற சிறு வளையம் அதற்குள்தான். பெரும்பாலோர் வெளியே பளபளவென்று தேய்த்துவிட்டு இந்தத் துளையை விட்டுவிடுவார்கள். அடுத்த வாரம் புதிய மாவில் புளித்த வாடை அடித்தால் காரணம் அங்கே இருக்கும். குழந்தைகளின் பால் புட்டி கழுவும் பிரஷ் அந்தத் துளைக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும். கல்லுக்கு சோப்பு தேவையில்லை, தேங்காய் நார் போதும். மோட்டார் இருக்கும் அடிப்பகுதியைக் குழாயடியில் காட்டவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். தொட்டியில் ஒட்டியதை முதலில் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். சிங்க் குழாயின் வளைவில் அரிசி மாவு படிந்து இறுகினால் அடைப்பு எடுக்க ஆள் கூப்பிட வேண்டிவரும்.

பிறகு காயவைப்பது. சென்னையில் மொட்டைமாடி வெயில் செய்யும் வேலையை இங்கே மின்விசிறிதான் செய்ய வேண்டும். நம் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுக்கக் கூடுதல். ஈரத்தோடு மூடி போட்டு அலமாரிக்குள் வைத்தால் ஒரே வாரத்தில் புஷ்ஷிலும் தகட்டின் ஓரத்திலும் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். உருளைகளைத் தனியாகத் துணிமேல் நிறுத்தி, தொட்டியைச் சாய்த்து, ஒரு மணி நேரம் விசிறிக் காற்று. மூடியை எப்போதும் திறந்தே வையுங்கள்.

அடிக்கடி வரும் கோளாறுகளில் முதலிடம் பெல்ட்டுக்கு. ரப்பர் கருகும் வாடையோடு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு, தொட்டி மட்டும் நின்றுவிட்டால் பெல்ட் வழுக்குகிறது. தண்ணீர் போதாத உளுந்தும் அளவுக்கு மீறிய அரிசியும்தான் காரணம். உடனே நிறுத்தி, பாதி மாவை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்து ஓட்டலாம். வெடிப்பு விட்ட பெல்ட்டை மாற்றுவதே வழி. சின்ன சாமான், ஊருக்குப் போகிறவர்களிடம் மாடல் எண் சொல்லி இரண்டாக வாங்கிவரச் சொல்லுங்கள். 'கடகட' என்று உருளைகள் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது உருளைகளை மேலிருந்து அழுத்தும் பூட்டு சரியாக விழவில்லை. பூட்டை முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கிரைண்டருக்கு அடியில் வெள்ளைத் தண்ணீர் கசிந்தால் தொட்டியை அளவுக்கு மேல் நிரப்பியிருக்கிறோம் என்று பொருள். அது மோட்டாருக்குள் போனால் செலவு பெரிது.

புதிதாக வாங்கியதும் கல்தூள் போக வேண்டும். ஊறவைத்த ஒரு கைப்பிடி அரிசியைப் பத்து நிமிடம் அரைத்துக் கொட்டிவிட்டு, சாம்பல் நிறம் மறையும் வரை இரண்டு மூன்று முறை இதையே செய்யுங்கள்.

எங்கே வாங்குவது? முஸ்தபா சென்டரிலும் தேக்கா வட்டாரப் பாத்திரக் கடைகளிலும் கிடைக்கும். ஊரில் விலை குறைவு. ஆனால் 11 முதல் 13 கிலோ எடை. 30 கிலோ பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல்லே போய்விடும். இந்தியாவிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மோட்டாருக்குப் பிரச்சினை இல்லை. பிளக்தான் பிரச்சினை. அங்கே உருண்டை முனை, இங்கே சதுர முனை கொண்ட 13 ஆம்ப். உரிமம் பெற்ற மின் பணியாளரிடம் கொடுத்துப் பிளக்கை மாற்றிக்கொள்ளுங்கள். கையில் கிடைக்கும் அடாப்டரைச் செருகி ஈரக்கையோடு முக்கால் மணி நேரம் ஓட்டுவது வேண்டாத விபரீதம். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கவிழ்க்கும் வகையா, சாதா வகையா? சாதா வகையில் மாவோடு சேர்த்துத் தொட்டியையே தூக்க வேண்டும், அது ஏழெட்டு கிலோ இருக்கும். கவிழ்க்கும் வகையில் பூட்டைத் திறந்து சாய்த்தால் மாவு பாத்திரத்தில் விழும். கொஞ்சம் விலை கூடுதல், மேடையில் கொஞ்சம் கூடுதல் இடம். வீட்டில் முதுகுவலியோ மணிக்கட்டு வலியோ உள்ளவர் ஒருவர் இருந்தாலும் யோசிக்காமல் கவிழ்க்கும் வகையை எடுங்கள். அதைவிட முக்கியம், கிரைண்டருக்கு மேடையில் நிரந்தர இடம். கீழ் அலமாரியில் வைத்து ஒவ்வொரு வாரமும் தூக்குவது என்றால், மூன்றாவது மாதம் அது பரணுக்குப் போய்விடும். துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைக்கும் யோசனையும் வேண்டாம். அது அதிரும்போது உருளைகள் ஆடிப் பூட்டு தளரும்.

கூடவே தரும் தேங்காய்த் துருவி தேக்கா சந்தையில் கடைக்காரர் கண்முன் துருவித் தரும்போது எதற்கு என்று தெரியவில்லை. மாவு பிசையும் இணைப்பு பரவாயில்லை, அரை கிலோ ஆட்டாவுக்கு மேல் போகாதீர்கள்.

மின்சாரச் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 150 வாட், 50 நிமிடம், முக்கால் பங்கு சுமை என்று வைத்தாலும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான், மூன்று நான்கு காசு. சத்தம் வேறு விஷயம். அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள், இரவு 10 மணிக்கு மேல் ஓட்டாதீர்கள்.

அதற்கேற்ற சனிக்கிழமைக் கணக்கு இது. பிற்பகல் 3 மணிக்கு அரிசி ஊறட்டும், 6 மணிக்கு உளுந்து. 7.15-க்கு உளுந்து கல்லில் ஏற வேண்டும், 7.45-க்கு அரிசி. 8.15-க்கு ஒருவர் மாவு கலக்கும்போதே இன்னொருவர் கழுவ ஆரம்பித்தால் 8.30-க்கு இருவருமே சமையலறையை விட்டு வெளியே வந்துவிடலாம். ஒருவரே இரண்டையும் செய்தால் 9 மணி. பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் கதை சொல்கிற அரை மணி நேரம் அது.

மாவை 5 லிட்டர் பாத்திரத்தில், பாதி அளவு மட்டும் நிரம்பும்படி ஊற்றி, கீழே ஒரு தட்டு வைத்துவிடுங்கள். குளிர்நாட்டில் பன்னிரண்டு மணி நேரம் எடுப்பது இங்கே ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். 9 மணிக்கு வைத்தது அதிகாலை 5 மணிக்கெல்லாம் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். 7 மணி வரை விட்டால் தட்டில் வழிந்து, புளித்து, இட்லி தட்டையாகும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் யார் எழுந்து அதை ஃபிரிட்ஜில் வைப்பது என்பதைச் சனிக்கிழமை இரவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். போன வாரம் எழுந்தவர் இந்த வாரம் தூங்கட்டும்.